ஐம்பது அடிக்கு உள்ளே

அந்த ஒத்திகைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கொலைக்களம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் ஏழாவது மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, நடுவில் ஒரு பெட்டி டோனட்டை வைத்து அதை நடத்துவார்கள். வியாழக்கிழமை காலையில் பங்குச் சந்தை ஆய்வாளர்கள் தொலைபேசியில் வரிசையாக வந்து கம்பெனியின் கணக்கைக் கிளறுவார்கள். அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை சொந்த ஆட்களே அந்த ஆய்வாளர்களாக வேஷம் கட்டி, நிதித் தலைவரைக் கேள்வியால் குத்திக் குதறிப் பழக்குவார்கள். உள்ளே அவமானப்பட்டால் வெளியே மானம் தப்பும் என்று ஒரு நம்பிக்கை.

வேஷம் கட்டுவதில் நேடீன் பூஷேயை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது, விவாகரத்து ஆனவள். முதலீட்டாளர்களைச் சமாதானப்படுத்தி வைப்பதுதான் அவளுடைய உத்தியோகம். நியூயார்க்கிலிருந்து பேசுகிற அத்தனை பேரின் குரலும் அவளுக்கு அத்துப்படி. அதிலும் பிரெண்டன் ஆஷ் என்பவனை அவள் செய்துகாட்டினால் சுவரில் மாட்டியிருக்கும் முன்னாள் தலைவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள் போலிருக்கும். அவன் முதலில் தொண்டையைச் செருமுவான். "இந்தக் காலாண்டுக்கு வாழ்த்துகள்" என்று தேன் ஒழுகச் சொல்லுவான். அடுத்த மூச்சில் கத்தியை இறக்குவான். அந்த வாழ்த்து இந்தத் தொழிலில் ஒரு சடங்கு. கம்பெனி தீப்பற்றி எரிந்தாலும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் தீயைப் பற்றிக் கேட்பார்கள்.

ஏப்ரல் மாத ஒத்திகையில் நிதித் தலைவர் கிரெய்க் ஹால்வர்சன் எதற்கும் அசையவில்லை. கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, சட்டையில் சர்க்கரை உதிர டோனட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நேடீனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தடவையாவது இந்த மனுஷனைத் திணறவைக்க வேண்டும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமினாள்.

"வாழ்த்துகள் கிரெய்க், அருமையான காலாண்டு. ஒரு சின்ன சந்தேகம்தான். ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற வயசானவங்களை நடக்கப் பழக்குற இல்லங்கள்ல நீங்க சராசரியா பதினாறு நாள் வெச்சிருக்கீங்க. உங்க போட்டிக்காரங்க பதினொண்ணுல வீட்டுக்கு அனுப்பிடறாங்க. அந்த அஞ்சு நாள் தான தர்மமா, இல்ல உங்களுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியலையா?"

பதினாறு உண்மை. பதினொன்று அந்த நிமிடத்தில் அவள் வாய்க்கு வந்த எண். போட்டிக் கம்பெனிகள் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது, அவள் முப்பாட்டனுக்கும் தெரியாது.

கிரெய்க் வாயைத் திறந்தார், மூடினார். டோனட்டைக் கீழே வைத்தார். "அது வந்து, நோயாளிங்களோட தன்மை..." என்று இழுத்தார். அறை முழுக்கக் கைதட்டியது. நேடீனுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

கைதட்டல் அடங்கியதும் கிரெய்க் சிரிக்கவில்லை. "இதை வியாழக்கிழமை அவன் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். "நாளைக் குறைக்க ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சுன்னு சொல்ற மாதிரி கையில ஏதாவது இருக்கணும்." அப்போதே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஏதோ விதியை மாற்றுகிறார்கள் என்று மறுநாள் காதில் விழுந்தது. என்ன விதி என்று நேடீன் கேட்கவில்லை. நோயாளிக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்தத் தொழிலில் இழப்பு என்று பெயர். இழப்பு குறைந்தால் நல்ல செய்தி. அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

வியாழக்கிழமை வந்தது. பிரெண்டன் ஆஷ் வாழ்த்திவிட்டு டெக்சாஸ் வியாபாரத்தைப் பற்றிக் கேட்டான். நடக்கப் பழக்கும் இல்லங்களைப் பற்றி ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. நேடீன் வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை ஒயின் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

ஆகஸ்ட் கடைசியில் அவளுடைய அப்பா ரோலண்டுக்குப் பக்கவாதம் வந்தது. பக்கத்து ஊரான பிரிஸ்டலின் நகரசபையில் காலமெல்லாம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். மனைவி போன பிறகு தனியாக, ஒரு பழைய மர வீட்டின் இரண்டாவது மாடியில் இருந்தார். வெளிப்பக்கமாக ஏறும் செங்குத்தான படி, ஒரு பக்கம்தான் கைப்பிடி. அவருடைய காப்பீடு நேடீனின் கம்பெனியில்தான். போன வருடம் அவளே சேர்த்துவிட்டாள். பல்லுக்கு இலவசம், கண்ணாடிக்கு இலவசம், உடற்பயிற்சிக்கூடம் இலவசம் என்று சொன்னபோது, "அங்க போய் நான் யாரைடி மயக்கப் போறேன்" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகள் வேலை பார்க்கும் இடம் என்பதில் அவருக்குப் பெருமை. கம்பெனிப் பெயர் போட்ட தொப்பியை வைத்துக்கொண்டுதான் சர்ச்சுக்கே போவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நடக்கப் பழக்கும் இல்லத்துக்கு மாற்றினார்கள். இடது கால் இழுத்தது. அங்கே பயிற்சிக்கூடத்தில் மரத்தால் செய்த நாலு படிகள் இருந்தன. முதல் படியிலேயே கால் தட்டியது. வீட்டுக்குப் போக வேண்டுமானால் அந்தப் படியில் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இன்னும் இரண்டு வாரம் பழகினால் ஏறிவிடுவார் என்று பிசியோ சொன்னாள்.

படிக்கு முன்னால் நடை. இல்லத்தின் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதில் வீங்கிய கண்ணோடு ஒரு மீன்.

"அதைப் பாத்தியா நேடீன்? உன் மாஜி புருஷன் மாதிரியே முழிக்குது."

"அவரு இதைவிடக் கொஞ்சம் அழகுப்பா."

"மீனு பேசாது. அதனால மீனுதான் ஒசத்தி."

ஒரு சனிக்கிழமை அவள் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கையில் அவருக்குப் பிடித்த மேப்பிள் டோனட். "இது வரைக்கும் வாங்கப்பா. வந்தாத்தான் இது. பாதியில உக்காந்தா நானே தின்னுடுவேன்."

"நீ தின்னது போதாதா" என்றபடி அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். சுவர்க் கடிகாரத்தின் கீழே வந்ததும் மூச்சு முட்டியது. பிசியோ நாற்காலியை முன்னுக்குத் தள்ளினாள். நேடீன்தான் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம்தான்பா. பனியில லாரி ஓட்டின ஆளு, தாழ்வாரத்துல நின்னுட்டாருன்னு சொல்லவா?" அந்த ஒரு சொல் போதும் அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, தொட்டியின் கண்ணாடியை விரலால் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிசியோ சிரித்துக்கொண்டே தூரத்தைக் குறித்துக்கொண்டாள். நேடீன் அப்பாவின் வழுக்கைத் தலையில் முத்தம் வைத்தாள்.

திங்கட்கிழமை இல்லத்தின் சமூகப் பணியாளர் யோலாண்டா கூப்பிட்டாள். "உங்க அப்பாவை நாளைக் கழிச்சு அனுப்பணும். அதுக்கு மேல காப்பீடு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

"இன்னும் படியே ஏறலையே அவரு."

"எங்களுக்கும் தெரியும்மா. ஆனா ஐம்பது அடி நடந்துட்டாராம். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு சமதரையில ஐம்பது அடி நடந்தா வீட்டுக்கு அனுப்பலாம்னு விதி. மீன் தொட்டி அதுக்கும் கொஞ்சம் தாண்டி இருக்கு."

"படியைப் பத்தி எழுதலையா நீங்க?"

"எழுதினோம். விதியில படி இல்லைன்னுட்டாங்க." யோலாண்டா கொஞ்சம் தயங்கினாள். "முன்னாடியெல்லாம் இப்படி இல்ல. எங்க பிசியோ சொன்னா கேப்பாங்க. இந்த மே மாசத்துலேருந்துதான். தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கம்பெனி மட்டும்தான் இப்படிப் பண்ணுது. மத்த கம்பெனிக்காரங்க இப்பவும் ரெண்டு வாரத்துக்கு மேலயே வெச்சிருக்காங்க."

நேடீன் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மே மாதம். கிரெய்க் டோனட்டைக் கீழே வைத்தது அவள் கண் முன்னால் வந்தது. பதினொன்று என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதற்குப் பயந்து ஐம்பது அடி என்று ஒருவர் கோடு போட்டார். அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லி அவளே கையில் டோனட்டோடு நின்று அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மேல்முறையீடு செய்தாள். மறுநாள் சாயந்திரமே நிராகரித்துவிட்டார்கள். அந்த வேகத்துக்கும் கம்பெனி ஒரு விருது வாங்கியிருந்தது. அதைப் பற்றிய செய்திக் குறிப்பை எழுதியதும் நேடீன்தான்.

கிரெய்க்கின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் கொடுமை. எழுந்து வந்து கதவைச் சாத்தினார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"அந்தக் கேள்வியை யாரும் கேக்கலை கிரெய்க். நான் சும்மா கற்பனையா கேட்டேன். அந்தப் பதினொண்ணுகூட என் வாயில வந்ததுதான்."

"தெரியும். அப்புறம் விசாரிச்சேன்" என்றார் அவர். "ஆனா ஜூன்ல நியூயார்க்ல முதலீட்டாளர் கூட்டத்துக்குப் போனேன் இல்லையா, அங்க பேச்சுவாக்குல நானே சொல்லிட்டேன், நாள் குறையுது, வருஷக் கடைசியில பதினொண்ணு வந்துடும்னு. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எல்லாரும் கணக்குல ஏத்திட்டாங்க. அன்னிக்குச் சாயந்திரம் பங்கு என்ன விலை போச்சுன்னு உனக்கே தெரியும். இப்ப நிறுத்தினா, ஏன் நிறுத்தினீங்கன்னு நிஜமாவே கேப்பாங்க."

"என் அப்பா ரெண்டாவது மாடியில இருக்காரு."

கிரெய்க்கின் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. "நேடீன், உன் அப்பாவுக்கு மட்டும் நான் போன் பண்ணி விதியைத் தளர்த்தினா அதுக்குப் பேரு ஊழல். ஊழியர் குடும்பத்துக்குச் சலுகைன்னு வெளியில போச்சுன்னா உனக்கும் வேலை போகும். நான் அந்த மாதிரி ஆள் இல்லை, அது உனக்குத் தெரியும்."

தெரியும். அவ்வளவு நேர்மையான கம்பெனி. அவளுக்கு அவர் முகத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டும் போல் இருந்தது. குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

தன் கைக்காசைப் போட்டு அப்பாவை அங்கேயே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தாள். அவளிடம் பணம் இருந்தது. அப்பாவிடம்தான் பிடிவாதம் இருந்தது.

"எதுக்குடி காசு? உன் கம்பெனியே சொல்லுது நான் தேறிட்டேன்னு. அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுப்பா."

"உன்னை வேலைக்கு வெச்சிருக்காங்க. முட்டாளுங்களா இருப்பாங்களா?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். ஒத்திகை, பிரெண்டன் குரல், பதினொன்று, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாயைப் பிளந்து கேட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது.

"நீயே ஒரு பூச்சாண்டி வேஷம் போட்டு, அதைப் பாத்து நீங்களே மூத்திரம் போனீங்களா? அதுக்காக ஊர்க் கிழடுங்களையெல்லாம் வீட்டுக்குத் துரத்துவாங்களா? போடி. நான் இங்கேயே கிடக்கணும்னு ஏதோ கதை கட்டுற." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மீன் தொட்டியைத் தொட்டேனா இல்லையா? நான் ஜெயிச்சேன், அவங்க அனுப்பறாங்க. வண்டியைக் கொண்டா."

அவள் வீட்டுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். நேடீன் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே சோபாவில் படுத்தாள். காலாண்டு முடிந்து வேலை கூப்பிட்டதும், பகலுக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டு ஆபீஸுக்குப் போனாள். அந்தப் பெண் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், கீழே தபால்காரர் வந்த சத்தம் கேட்டு ரோலண்ட் தானே படியில் இறங்கப் பார்த்தார். வாக்கர் கடைசிப் படி வரைக்கும் உருண்டு போயிற்று. அவரும் கூடவே போனார். இடுப்பு எலும்பு முறிந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கொலைக்களம். வரவேண்டாம் என்று கிரெய்க் சொன்னார். நேடீன் வந்தாள். டோனட்டை யாரோ அவள் பக்கம் நகர்த்தினார்கள். அவள் தொண்டையைச் செருமினாள். எல்லோரும் முன்கூட்டியே சிரித்தார்கள்.

"வாழ்த்துகள் கிரெய்க், அருமையான காலாண்டு. ஒரு சின்ன சந்தேகம்தான். பிரிஸ்டல்ல ஒருத்தரை, தாழ்வாரத்துல ஐம்பது அடி நடந்துட்டாருன்னு வீட்டுக்கு அனுப்பினீங்க. அவரு வீடு ரெண்டாவது மாடியில. படியில விழுந்து இடுப்பு உடைஞ்சுபோச்சு. அவரை மாதிரி எத்தனை பேர் விழுந்தாங்கன்னு எண்ணி வெச்சிருக்கீங்களா?"

சிரிப்பு பாதியில் நின்றது. கிரெய்க் குனிந்து மேசையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, அன்போடுதான் சொன்னார்: "நல்ல கேள்வி நேடீன். ஆனா இதை அங்க யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்தது."

"ஏப்ரல்ல நான் கேட்டதையும்தான் யாரும் கேக்கலை."

"அது வேற. அதுக்கு என்ன பண்ணணும்னு நமக்குத் தெரிஞ்சுது."

நேடீன் அடுத்த கேள்விக்குப் போனாள். மருந்துச் செலவைப் பற்றி, டெக்சாஸைப் பற்றி, எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். வேலையை விட்டால் வீட்டுக் கடன் இருந்தது, மார்பில் டாக்டர்கள் கண்காணித்துவந்த ஒரு கட்டி இருந்தது, அதற்கான காப்பீடும் இந்தக் கம்பெனியில்தான் இருந்தது.

வியாழக்கிழமை நிஜமான பிரெண்டன் ஆஷ் வந்தான். நிஜமாகவே தொண்டையைச் செருமினான்.

"இந்தக் காலாண்டுக்கு வாழ்த்துகள் கிரெய்க். இல்லத்துல வைக்கிற நாள் பன்னிரண்டுக்கு வந்துடுச்சு, பிரமாதம். போட்டிக்காரங்க எல்லாம் உங்களைப் பாத்துக் குறைக்க ஆரம்பிச்சுட்டாங்க. பதினொண்ணுக்கும் கீழ போக இடம் இருக்கா?"

கிரெய்க் நேடீனைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில், பதில் எழுதி வைத்திருக்கும் தாள்களில் ஒன்றை அவள் அவர் பக்கம் நகர்த்த வேண்டும். அவள் கை அசையவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. "இருக்கு பிரெண்டன்" என்றார். ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. நன்றாகப் பழக்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லத்துக்குப் போனாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவை மறுபடி சேர்த்திருந்த அதே இல்லம், அதே தாழ்வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிசியோ வருவதில்லை. ரோலண்ட் முன்னைக்குப் பாதியாக இளைத்திருந்தார். தொப்பியைக் காணோம். எங்கே என்று அவள் கேட்கவில்லை. இப்போது அவர் அவளை நம்பிவிட்டார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்தத் தடவை நான் நடக்கவே போறதில்லடி" என்றார் ரகசியக் குரலில். "கட்டிலை விட்டே எந்திரிக்க மாட்டேன். அப்ப வெச்சிருந்துதானே ஆகணும்?"

"இல்லப்பா. முன்னேற்றம் இல்லைன்னா, இனிமே பழக்கிப் பிரயோஜனம் இல்லைன்னு அனுப்பிடுவாங்க. அதுக்கு ஒரு விதி இருக்கு."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "நடந்தாலும் போகணும். நடக்கலைன்னாலும் போகணும்."

"ஆமாம்ப்பா."

"அப்ப எவ்வளவுதான் நடக்கிறது?"

நேடீன் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். கதவிலிருந்து காலால் அளந்துகொண்டே போனாள். சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றாள்.

"தினம் முந்தின நாளைவிடக் கொஞ்சம் அதிகமா நடக்கணும். கொஞ்சமாத்தான். முதல்ல ஜன்னல் வரைக்கும். அப்புறம் அந்தப் பூந்தொட்டி வரைக்கும். கடைசியா இந்தக் கடிகாரம். நாற்பது அடிதான் வரும். இதைத் தாண்டக் கூடாது. யார் கூப்பிட்டாலும் தாண்டக் கூடாது. அதுக்குள்ள படியைப் பழகிடுங்க. படியை அவங்க எண்ணுறதில்லை."

"யாரு கூப்பிடப் போறா? நீதான் கூப்பிடுவ."

"எங்க, ஒரு தடவை பாக்கலாம்" என்றாள். பிறகு பிசியோவின் கொஞ்சும் குரலை அப்படியே எடுத்துக்கொண்டாள். "வாங்க ரோலண்ட், இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கீங்களே. மீன் தொட்டி வரைக்கும் போயிட்டு வரலாமா?"

அவர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். ஜன்னலைத் தாண்டினார், பூந்தொட்டியைத் தாண்டினார், கடிகாரத்தின் கீழே வந்து நின்றார். தாழ்வாரத்தின் கோடியில் அந்த மீன் முழித்துக்கொண்டிருந்தது. இன்னும் போக அவருக்குத் தெம்பு இருந்தது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டு, பனிப்புயலில்கூட வண்டியை நிறுத்தாத மனுஷர், "முடியலைம்மா" என்று முனகினார்.

பிறகு தலையைத் திருப்பினார். "சரியா இருந்துச்சா?"

நேடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கணும்ப்பா" என்றாள். "திரும்பிப் போய் முதல்லேருந்து வாங்க."